தோலுக்குக் கீழே முதல் வெட்டு: வார்ப்பிரும்பு ஹவுசிங்கை லேத்தில் கடையும் விதம்

கடலூர் முதுநகரில், துறைமுகத்துக்குப் போகிற பக்கம், இருபத்தாறு வருடமாக லேத் பட்டறை வைத்திருக்கிறேன். ஆறடி லேத் ஒன்று, பில்லர் டிரில்லிங் மெஷின் ஒன்று, பெஞ்ச் கிரைண்டர், ஹேண்ட் கிரைண்டர். இவ்வளவுதான் பட்டறை. படகுக்காரர்கள் கன்மெட்டல் (செம்புக் கலவை உலோகம்) புஷ், அதாவது தண்டு சுழல உள்ளே போடும் குழாய்த் துண்டு, கேட்டு வருவார்கள். நெல்லிக்குப்பம், பண்ருட்டி பக்கமிருந்து பம்புக்கும் கரும்பு ஜூஸ் மெஷினுக்கும் வேலை வரும். ஐடிஐ முடித்துவிட்டு என்னிடம் வருகிற பையன்கள் இரும்பு ராடை அழகாகக் கடைவார்கள். அதே பழக்கத்தோடு ஒரு வார்ப்பை, அதாவது உருக்கி அச்சில் ஊற்றி எடுத்த காஸ்டிங்கைத் தூக்கிச் சக்கில் (வேலையைப் பிடித்துச் சுற்றும் தாடைகள் உள்ள பாகம்) மாட்டினால், அரை மணி நேரத்தில் டூல் முனை போயிருக்கும், இல்லையென்றால் துளை ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கும். அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதையே இங்கே எழுதுகிறேன்.

ராடுக்கு நேரான பக்கம் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. வார்ப்பில் எந்தப் பக்கமும் நேர் கிடையாது, எந்த வட்டமும் வட்டம் கிடையாது. எந்தப் பக்கத்தை முதலில் நேராக்குவது என்று முடிவு செய்வதில்தான் வேலை நிற்கிறது. போன வாரம் செய்த ஒரு ஜாபையே எடுத்துக்கொள்கிறேன். ஜூஸ் மெஷின் ரோலருக்கான பேரிங் ஹவுசிங், அதாவது பேரிங்கைத் தாங்கும் கூடு. 6208 என்ற எண்ணுள்ள பேரிங் உட்காருவது. சதுர ஃபிளாஞ்ச் (போல்ட் போட்டு மாட்டும் தட்டைப் பகுதி), பக்கத்துக்கு 140 மில்லி. நடுவில் 110 மில்லி வெளிவட்டம் உள்ள பாஸ் (எழும்பி நிற்கும் உருளைப் பகுதி). துளை 80 மில்லிக்கு வர வேண்டும்.

காஸ்டிங் வாங்கும்போதே

நம் ஊரில் உடைந்த பழைய பாகத்தையே பேட்டர்னாக, அதாவது மணலில் அச்சுப் பதிக்கும் மாதிரியாக, ஃபவுண்டரிக்கு (வார்க்கும் பட்டறைக்கு) கொடுத்து அனுப்பும் வழக்கம் இருக்கிறது. கோயம்புத்தூர் பார்சலில் திரும்பி வந்ததைப் பிரித்துப் பார்த்தால் எல்லா அளவும் குறைந்திருக்கும். வார்ப்பிரும்பு ஆறும்போது ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்று சுருங்கும். 300 மில்லி புல்லியை அப்படியே மணலில் பதித்து வார்த்தால் வருவது 297 தான். அதற்கு மேல் கடைவதற்கும் சதை வேண்டும். அதனால் பழைய பாகத்தைக் கொடுத்தே ஆக வேண்டுமென்றால், கடையப் போகிற பக்கங்களில் மட்டும் மரப்பட்டையோ புட்டியோ வைத்துப் பருமனாக்கிக் கொடுங்கள். பக்கத்துக்கு ஒரு நூல், அதாவது மூன்று மில்லி, இந்த அளவு ஜாபுக்குப் போதும். பெரிய பேஸ் பிளேட் மாதிரி வளையக்கூடியதற்கு ஐந்து மில்லி கேளுங்கள். துளைக்கு கோர் (துளை விழுவதற்காக அச்சுக்குள் வைக்கும் மணல் உருளை) 70 மில்லி என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

வந்ததும் ஒவ்வொன்றையும் கம்பியில் தொங்கவிட்டுச் சின்னச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நல்ல வார்ப்பு மணி மாதிரி கொஞ்சம் நீண்டு ஒலிக்கும். உள்ளே விரிசல் இருந்தால் ஓட்டைப் பானையைத் தட்டின மாதிரி சத்தம் செத்துப்போகும். அப்புறம் மூலைகளிலும் மெல்லிய விளிம்புகளிலும் ஒரு பழைய அரத்தை இழுத்துப் பாருங்கள். அரம் பிடித்தால் சரி. கண்ணாடி மேல் வழுக்குவது போல வழுக்கினால் அந்த இடம் வேகமாகக் குளிர்ந்திருக்கிறது. அங்கே கரி, கிராஃபைட்டாகப் பிரிந்து நிற்காமல் இரும்போடு சேர்ந்தே இறுகிவிட்டது. அதைச் சாதாரண டூலால் வெட்ட முடியாது. ஒரு தடவை பன்னிரண்டு புல்லி வந்ததில் ஐந்தில் விளிம்பு முழுக்க இப்படி இருந்தது. அரம் போடாமல் நேரே சக்கில் மாட்டிவிட்டேன். கீச்சென்று ஒரு சத்தம், வெட்டின இடத்தில் வெள்ளையாக மின்னும் புள்ளிகள். மூன்று டூல் டிப் போன பிறகுதான் நிறுத்தினேன். அன்றிலிருந்து அரம் போடாமல் எந்தக் காஸ்டிங்கையும் நான் தொடுவதில்லை.

ரன்னர், ரைசர் (உருகிய இரும்பு அச்சுக்குள் ஓடின, ஏறி நின்ற வழிகள்) வெட்டின முண்டுகளையும் இரண்டு அச்சும் சேர்ந்த இடத்தில் பிதுங்கி நிற்கும் பிசிறையும் ஹேண்ட் கிரைண்டரில் எடுத்துவிடுங்கள். உள்ளே ஒட்டியிருக்கும் மணலை உளியாலும் கம்பி பிரஷாலும் சுரண்டி எடுங்கள். கோர் துளைக்குள் கை விட்டுத் தடவிப் பாருங்கள். மணல் கட்டி ஒளிந்திருப்பது பெரும்பாலும் அங்கேதான். இதை லேத்துக்குப் பக்கத்தில் செய்யாதீர்கள், வாசலுக்கு வெளியே வைத்துச் செய்யுங்கள்.

எதை நடு என்று எடுத்துக்கொள்வது

பையன்கள் எல்லோரும் செய்கிற தவறு, கோர் துளையையே நடுவாக எடுத்துக்கொள்வது. மணல் அச்சுக்குள் கோர் ஒரு பக்கம் நகர்ந்திருக்கும். அந்தத் துளையை நம்பினால், கடைந்து முடித்தபின் பாஸின் சுவர் ஒரு பக்கம் தடிப்பாகவும் ஒரு பக்கம் மெலிந்தும் நிற்கும். நான் தனியாகப் பட்டறை போட்ட புதிதில் ஒரு ஹவுசிங்கை அப்படித்தான் முடித்தேன். இருபுறமும் 15 மில்லி இருக்க வேண்டிய சுவர் 11-ம் 19-மாக நின்றது. துளை அளவு துல்லியமாக இருந்தது, பேரிங்கும் உட்கார்ந்தது. ஆனால் பார்த்தவுடனே தெரியும் கோணல். வாங்க வந்த அண்ணன் கையில் எடுத்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் மேஜையில் வைத்தார். வேறு காஸ்டிங் வாங்கி என் செலவில் செய்து கொடுத்தேன்.

ஆகவே, கடையாமல் அப்படியே நிற்கப்போகிற பகுதி எதுவோ அதிலிருந்து அளவெடுங்கள். இந்த ஹவுசிங்கில் அது பாஸின் வெளிவட்டம். துளை வாயில் ஒரு மரத்துண்டை இறுக்கித் தட்டி அடைத்து, அதன் முகத்தில் சாக்பீஸ் தேய்த்து, வெளிவட்டத்தின் நான்கு பக்கமிருந்தும் காலிப்பர் வைத்துக் கோடு போட்டால் நடு கிடைக்கும். அந்த நடுவிலிருந்து 80 மில்லி வட்டம் வரைந்து பாருங்கள். வட்டம் எங்கேயாவது கோர் துளைக்குள் விழுந்தால் அங்கே சதை போதாது. நடுவை ஒன்றிரண்டு மில்லி அந்தப் பக்கம் தள்ளி, சுவரையும் துளையையும் சமாதானப்படுத்த வேண்டும். அதற்கும் மேல் தள்ள வேண்டியிருந்தால் காஸ்டிங்கைத் திருப்பி அனுப்பிவிடுவதுதான் சரி. வட்டத்தில் எட்டு இடத்தில் சென்டர் பஞ்ச் அடித்து வையுங்கள். சாக் அழிந்தாலும் புள்ளி நிற்கும்.

முதல் பிடி, முதல் வெட்டு

மூன்று தாடை சக்கை மறந்துவிடுங்கள். கரடுமுரடான பரப்பை அது நடுவில் பிடிக்காது. நாலு தாடை சக்கில், தாடைகளைத் திருப்பிப் போட்டு, பாஸின் வெளிவட்டத்தைப் பிடியுங்கள். தாடைக்கும் காஸ்டிங்குக்கும் நடுவில் மெல்லிய செப்புத் தகடு வையுங்கள். அச்சுப் பிசிறு இருந்த கோட்டின் மேல் தாடை உட்காரக் கூடாது, உட்கார்ந்தால் வேலை நடுவில் நழுவும். நேர் பார்க்க இந்தக் கட்டத்தில் டயல் கேஜ் (முள் நகர்ந்து நுண்ணளவு காட்டும் கருவி) வேண்டாம். கரடான பரப்பில் முள் குதித்துக்கொண்டே இருக்கும், டயலும் கெடும். சர்ஃபேஸ் கேஜ் ஊசியை ஃபிளாஞ்சின் முகத்துக்குப் பக்கத்தில் நிறுத்தி, சக்கைக் கையால் சுற்றி, இடைவெளி நாலு மூலையிலும் ஏறக்குறைய ஒன்றாக வருகிறதா என்று பார்த்தால் போதும்.

இப்போது ஃபிளாஞ்சின் முகம். எல்லா வெட்டிலும் முக்கியமான வெட்டு இதுதான். வார்ப்பின் மேல்தோல் ஒரு மில்லிக்கும் குறைவான பருமன்தான், ஆனால் அதில் மணல் வெந்து ஒட்டியிருக்கும், இரும்பும் கடினமாக இருக்கும். பயந்து பயந்து 0.3 மில்லி ஆழம் கொடுத்தால் டூல் முனை முழு நேரமும் அந்த மணலிலேயே உரசிச் சாகும். முதல் வெட்டை ஒன்றரையிலிருந்து இரண்டு மில்லி ஆழம் கொடுங்கள். முனை தோலுக்குக் கீழே சுத்தமான இரும்புக்குள் ஓடும், தோல் அதன் மேலே உடைந்து உதிரும். தொடங்குகிற விளிம்பில் முதலில் ஒரு சாய்வு எடுத்துக்கொண்டால் முனை தோலை முட்டாமல் உள்ளே நுழையும்.

டூல் விஷயத்தில் ஒரு வார்த்தை. கார்பைடு (மிகக் கடினமான முனை) டிப் வைத்த டூல் வாங்கும்போது கே20 என்று, வார்ப்பிரும்புக்கான ரகத்தைக் கேட்டு வாங்குங்கள். காம்பில் சிவப்பு பெயின்ட் இருக்கும். நீலம் அடித்தது எஃகுக்கானது, வார்ப்பிரும்பில் சீக்கிரம் தேயும். மழுங்கினால் பச்சைக் கல்லில்தான் தீட்ட வேண்டும், சாதாரண வெள்ளைக் கல் கார்பைடை வெட்டாது. டூல் முனையின் மேல்முகச் சாய்வு பூஜ்ஜியத்திலிருந்து ஐந்து டிகிரிக்குள் இருக்கட்டும்.

வேகத்துக்கு ஒரு சுலபக் கணக்கு இருக்கிறது. நிமிடத்துக்கு எத்தனை மீட்டர் வெட்டு வேகம் என்பதை 318-ஆல் பெருக்கி, விட்டத்தை மில்லியில் வைத்து வகுத்தால் ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) வரும். வார்ப்பிரும்புக்கு ஹெச்எஸ்எஸ் (ஹை ஸ்பீடு ஸ்டீல்) டூலில் 20, கார்பைடில் 60 முதல் 80 வரை வைத்துக்கொள்ளலாம். சதுர ஃபிளாஞ்சின் மூலைக்கு மூலை 200 மில்லி வருகிறது. 60-ஐ 318-ஆல் பெருக்கி 200-ஆல் வகுத்தால் 95. மூலைகளில் வெட்டு விட்டுவிட்டு டக் டக்கென்று அடிக்கும் என்பதால் நான் 80-க்கு மேல் போவதில்லை. வெளியே இருந்து நடுவை நோக்கி வெட்டுங்கள். வார்ப்பிரும்பு வளையாது, உடையும். டூல் விளிம்பைத் தாண்டி வெளியேறும்போது ஓரம் பொட்டுப் பொட்டாகப் பெயர்ந்துவிடும். எந்த விளிம்பில் டூல் வெளியே வருகிறதோ அதை முன்கூட்டியே சாய்வு எடுத்துவிட்டால் பெயராது. டிரில்லும் அப்படித்தான், அடியில் துளைத்துக்கொண்டு வெளியே வரும் கடைசி இரண்டு மில்லியில் அழுத்தத்தைக் குறையுங்கள்.

தூசி

கூலன்ட் ஊற்றாதீர்கள். வார்ப்பிரும்பில் இருக்கும் கிராஃபைட்டே வழுவழுப்புக் கொடுக்கும். தண்ணீர் கலந்தால் அந்தக் கறுப்புத் தூள் சாந்து மாதிரி ஆகி, லேத்தின் ஸ்லைடுகளுக்குள் போய் உட்கார்ந்து தேய்த்துக்கொண்டே இருக்கும். வேலை தொடங்குமுன் லேத்தின் பெட்டை, அதாவது கீழ்ப் படுகையைத் துடைத்துவிட்டு, ஒரு மெல்லிய தகடு வளைத்து சக்குக்குக் கீழே மூடிவிடுவேன். துணி போடாதீர்கள், சக் இழுத்துக்கொள்ளும். முடிந்ததும் ஸ்பீக்கர் காந்தத்தை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டுப் பெட் மேல் இழுங்கள். தூள் பையில் ஒட்டிக்கொண்டு வரும், பையை உள்ளே வெளியே திருப்பினால் அத்தனையும் உள்ளே. கம்ப்ரசர் காற்றால் ஊதினால் தூள் போக வேண்டாத இடத்துக்கெல்லாம் போகும், உங்கள் கண்ணுக்கும் போகும்.

கண்ணாடியும் மாஸ்க்கும் கட்டாயம். லுங்கி கட்டிக்கொண்டு லேத் முன் நிற்காதீர்கள், கையுறை போடாதீர்கள். மே மாதப் புழுக்கத்தில் லுங்கிதான் சுகம், எனக்கும் தெரியும். என் பட்டறையில் பேன்ட்டும் அரைக்கைச் சட்டையும் போட்டால்தான் ஸ்விட்சைத் தொட விடுவேன்.

துளை

ஃபிளாஞ்ச் முகம் முடிந்ததும் நாலு போல்ட் துளையும் 13.5 மில்லிக்குப் போட்டுவிடுகிறேன். இப்போது நம் கையில் ஒரு நேரான பக்கம் இருக்கிறது. சக்கைக் கழற்றிவிட்டு ஃபேஸ் பிளேட்டை (வேலையைப் போல்ட் போட்டுப் பிடிக்கும் வட்டத் தட்டு) மாட்டி, கடைந்த முகம் பிளேட்டில் படும்படி 10 மில்லி போல்ட்டால் பிடியுங்கள். நடுவில் ஒரு தாள் வைத்தால் நழுவாது. பிளேட்டையும் முகத்தையும் உள்ளங்கையால் தடவிப் பார்த்து வையுங்கள், ஒரு பொடி இருந்தால் துளை சாய்ந்துவிடும். போல்ட்டைவிடத் துளை பெரியது என்பதால் நகர்த்த இடம் இருக்கும். பஞ்ச் அடித்த வட்டம் ஊசி முனைக்குச் சரியாகச் சுற்றும் வரை பாஸை லேசாகத் தட்டி நகர்த்தி, அப்புறம் நான்கையும் குறுக்கும் மறுக்குமாக இறுக்குங்கள். துளையும் பாஸின் முகமும் இந்த ஒரே பிடியில் முடிய வேண்டும். அப்போதுதான் ரோலர் தண்டு ஃபிளாஞ்சுக்குச் செங்குத்தாக நிற்கும்.

போரிங் பார் (துளையைப் பெரிதாக்கும் டூலைத் தாங்கும் தண்டு) துளைக்குள் போகிற அளவுக்கு எவ்வளவு தடிமனாக முடியுமோ அவ்வளவு தடிமனாக, எவ்வளவு குட்டையாக நீட்ட முடியுமோ அவ்வளவு குட்டையாக. கோர் ஒதுங்கியிருந்தால் முதல் வெட்டு ஒரு பக்கம் ஆழமாகவும் ஒரு பக்கம் காற்றிலும் ஓடும். பார் வளைந்து, துளையும் கொஞ்சம் முட்டை வடிவமாக வரும். பயப்பட வேண்டாம், அடுத்தடுத்த வெட்டுகளில் நேராகும். 79.4 வந்ததும் நிறுத்துங்கள். போல்ட்டுகளைத் தளர்த்துங்கள், கழற்றிவிடாதீர்கள். வார்ப்புக்குள் ஆறும்போது தங்கின இறுக்கம், தோலை எடுத்ததும் கொஞ்சம் விடும். நான் மாலையில் இந்தக் கட்டத்தில் விட்டுவிட்டு, காலையில் வந்து மறுபடி நேர் பார்த்து, மிதமாக இறுக்கிக் கடைசி வெட்டுகளைப் போடுகிறேன். அவசரம் என்று அன்றே முடித்த ஒரு பெரிய பம்ப் கவர், மூன்றாம் நாள் பேப்பர் தடிமனுக்கு வளைந்து வந்து நின்றதை மறக்க முடியாது.

கடைசி இரண்டு வெட்டும் ஒரே ஆழமாக இருக்கட்டும். இரண்டிலும் பார் ஒரே மாதிரி வளையும் என்பதால் அளவு நீங்கள் நினைத்தபடி வரும். ஃபீடு, அதாவது டூல் நகரும் தூரம், சுற்றுக்கு 0.1 மில்லி. 6208-க்கு வெளிவட்டம் 80, அகலம் 18. ஹவுசிங் துளைக்கு எச்7 (துளை அளவு இருக்கக்கூடிய வரம்பின் குறியீடு) என்றால் 80.00-லிருந்து 80.03 வரை. இங்கேதான் வெயில் விளையாடும். வெட்டி முடித்த உடனே ஜாப் சூடாக இருக்கும். இருபது டிகிரி கூடுதல் சூடு இருந்தாலே 80 மில்லி துளை 0.017 மில்லிக்கு மேல் விரிந்து காட்டும். நமக்கு இருக்கிற இடமே 0.03 தான், அதில் பாதிக்கு மேல் பொய்யான அளவு. டீ குடித்துவிட்டு வாருங்கள், ஜாபும் மைக்ரோமீட்டரும் ஒரே குளிர்ச்சிக்கு வந்த பிறகு அளவெடுங்கள்.

உள்ளே பேரிங் முட்டி நிற்கும் படிக்கட்டின் மூலையைக் கவனியுங்கள். 6208-இன் ஓரத்தில் ஏறக்குறைய 1.1 மில்லி வளைவு இருக்கிறது. உங்கள் டூல் முனை அதைவிடப் பெரிய வளைவை மூலையில் விட்டுவைத்தால், பேரிங் முழுதாக உட்காராமல் மூலையிலேயே முட்டிக்கொள்ளும். 0.4 மில்லி வளைவுள்ள முனை போதும்.

ஓட்டை தெரிந்தால்

தோலை எடுத்த பிறகுதான் வார்ப்பு தன் உள்ளத்தைக் காட்டும். ஊசித் துளை, மணல் குழி, எதுவானாலும் முதல் வெட்டிலேயே தெரிந்துவிட்டால் நல்லது. அதனால்தான் மூன்று ஹவுசிங் வந்தால் மூன்றுக்கும் முதல் வெட்டை முதலில் போட்டுவிடச் சொல்கிறேன். உடனே போட்டோ எடுத்து அன்றே ஃபவுண்டரிக்கு அனுப்புங்கள். காஸ்டிங்கை மாற்றிக் கொடுப்பார்கள், உங்கள் கூலியை யாரும் கொடுக்க மாட்டார்கள். கண்ணுக்குத் தெரியாத பக்கத்தில் கடுகளவு குழி இருந்தால் விட்டுவிடலாம். பேரிங் உட்காருகிற இடத்திலோ, போல்ட் துளைக்குப் பக்கத்திலோ, தண்ணீர் அழுத்தம் தாங்க வேண்டிய பம்ப் சுவரிலோ இருந்தால் அது ஆகாது. புட்டி வைத்து மூடி, பெயின்ட் அடித்துக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த மெஷினில் கரும்பு விடுகிறவர் தன் கையை ரோலருக்கு ஒரு சாண் தூரத்தில் வைத்திருக்கிறார். புட்டி வேலை என் பட்டறையில் கிடையாது.

கன்மெட்டல் வந்தால் மாற்ற வேண்டியவை

படகு புஷ் வேலை எடுப்பவர்களுக்கு மட்டும் இரண்டு விஷயம். தீட்டின புது டிரில்லைக் கன்மெட்டலில் வைத்தால் திருகு மாதிரி உள்ளே இழுத்துக்கொண்டு போகும். டிரில்லின் வெட்டு ஓரத்தில் கல்லால் லேசாகத் தட்டையாகத் தேய்த்துவிடுங்கள், இழுக்காது. அடுத்தது, புஷ்ஷைக் குழாய்க்குள் அழுத்தி ஏற்றியதும் உள்துளை சுருங்கும். உள்துளையை முழு அளவுக்கு முன்பே முடிக்காமல், ஏற்றின பிறகு அளவுக்குக் கொண்டுவாருங்கள். கன்மெட்டல் சீவலை இரும்புத் தூளோடு கலக்க விடாதீர்கள், தனியாக வைத்தால் எடைக்கு நல்ல விலை போகும்.

கடல் காற்று

இந்த ஊரில் கடைந்த இரும்பை ஒரு ராத்திரி எண்ணெய் இல்லாமல் வைத்தால் காலையில் மஞ்சள் பூத்திருக்கும். வியர்த்த விரல் பட்ட இடத்தில் ரேகை ரேகையாகத் துரு ஏறும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கரை கடந்தபோது, என் கூரையில் பாதி போய்விட்டது, மின்சாரம் வரப் பல நாளானது. முடித்து வைத்திருந்த ஒன்பது ஹவுசிங் சாக்கில் கட்டிக் கிடந்தது. சாக்கு ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டதில் ஒன்பதிலும் துளைக்குள் துரு, அளவு போய்விட்டது. முதல் நாள் மாலை கிரீஸ் தடவி தார்ப்பாய் மூடின லேத் பெட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

இப்போதெல்லாம் துளை அளவு பார்த்ததும் சுத்தத் துணியால் துடைத்து, உடனே விரலால் கிரீஸ் தடவி, எண்ணெய்த் தாளில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு வாய் கட்டிவிடுகிறேன். பையின் மேல் பேரிங் எண்ணும் துளை அளவும் தேதியும் எழுதிவிடுவேன். வாங்க வருகிறவரிடம் ஒன்று மட்டும் சொல்லி அனுப்புங்கள்: பேரிங் ஏற்றுமுன் அந்தக் கிரீஸை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, துளையைத் துடைத்துக் காயவைத்து, புது எண்ணெய் ஒரு சொட்டுத் தடவி, பேரிங்கின் வெளி வளையத்தில் மட்டும் அழுத்தி ஏற்றச் சொல்லுங்கள். உள் வளையத்தில் சுத்தியலால் அடித்தால் பந்துகள் ஓடும் பாதையில் தழும்பு விழும்.